கலர் செய்த தலைமயிரும் கொழும்புத் தண்ணீரும்

கேள்வி இதுதான்: "அக்கா, எனக்கு 27 வயது. வெள்ளவத்தையில் பிளாட்டில் இருக்கிறோம், கோட்டையில் வேலை. மூன்று மாதத்துக்கு முன் சலூனில் கொப்பர் பிரவுண் கலரும் முன்பக்கம் ஹைலைட்டும் செய்தேன். இப்போது எல்லாம் செம்மஞ்சளாகி வைக்கோல் மாதிரிக் கிடக்கிறது. வேர்வைக்கு ஒவ்வொரு நாளும் முழுகுகிறேன், விலை கூடின ஷாம்புதான் பாவிக்கிறேன். அம்மா தேங்காய் எண்ணெய் வை என்கிறா. சலூனில் எண்ணெய் வைக்கவே கூடாது என்றார்கள். தையில் கல்யாணம். அதற்குள் ரீபொண்டிங் செய்யலாமா? வீட்டில் எப்படிப் பராமரிப்பது, எப்படி வடிவாகக் கட்டுவது?"

தங்கச்சி, ரீபொண்டிங், அதாவது மருந்து போட்டு முடியை நேராக்குவது, அந்தக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். மற்றதுக்கெல்லாம் சேர்த்து என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. உங்கள் ஷாம்புவில் பிழை இல்லை. தலை நனைகிற எண்ணிக்கைதான் கூடிப்போயிருக்கிறது.

காலி வீதியில் ஒரு சலூனில் பதினைந்து வருடம் நின்று கலர் பூசியவள் நான். இப்போது வீட்டோடு மணப்பெண் அலங்காரம். "எந்த ஷாம்பு நல்லது" என்று கேட்காத ஆள் இல்லை. "கிழமைக்கு எத்தனை தரம் முழுகலாம்" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால் மிச்சத்தை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். ஒரு மயிரைப் பெருப்பித்துப் பார்த்தால் வெளிப்பக்கம் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்த செதில்கள். நிறம் இருப்பது அதற்கு உள்ளே. நிரந்தரக் கலரில் உள்ள அமோனியா அந்தச் செதில்களை வீங்கித் திறக்க வைக்கும். பெரொக்சைட் உள்ளே போய் உங்கள் சொந்தக் கறுப்பைக் கொஞ்சம் வெளுக்கும். அதே நேரம், கூடவே நுழைந்த சின்னச் சின்னச் சாயத் துணிக்கைகளை ஒன்றோடொன்று கோர்த்துப் பெரிதாக்கும். பெருத்துப் போனவை வந்த வழியால் லேசில் திரும்பிப் போகாது. அதனால்தான் அதற்கு நிரந்தரக் கலர் என்று பெயர்.

ஆனால் இந்த வேலையில் இன்னொன்றும் போய்விடுகிறது. மயிரின் மேல்தோலில் இயற்கையாகவே மெல்லிய கொழுப்புப் படை ஒன்று உண்டு. சேம்பிலையில் தண்ணீர் உருளுகிற மாதிரித் தண்ணீரை ஒட்டவிடாமல் வைத்திருப்பது அதுதான். பெரொக்சைட்டும், ஹைலைட்டுக்கு வைக்கிற பிளீச்சும் அதைக் கழற்றிவிடும். காய்ந்திருக்கும்போது உங்கள் ஹைலைட் கற்றையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சும். வேருக்குப் பக்கத்தில் புதிதாக வளர்ந்த கறுப்பு முடியில் விட்டால் சொட்டு கொஞ்ச நேரம் நிற்கும். ஒரே தலையில் இரண்டு விதமான மயிர் இருக்கிறது, இரண்டையும் ஒரே மாதிரிக் கழுவினால் சரிவராது.

நனைந்த மயிர் தடிப்பில் 15 சதவீதம் அளவுக்கு ஊதும். காய்ந்ததும் சுருங்கும். ஊதும்போது, சரியாகக் கோர்க்கப்படாத சாயம் வெளியே கசியும். சிவப்பு, கொப்பர் குடும்பம் எல்லாவற்றுக்கும் முதலில் போகும். ஷாம்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசினாலும் இது நடக்கும். நீங்கள் மூன்று மாதத்தில் தொண்ணூறு தரம் ஊதிச் சுருங்க வைத்திருக்கிறீர்கள். கிழமைக்கு இரண்டு தரம் முழுகுபவருக்கு அந்த நிறம் பத்து மாதத்துக்கு மேல் பார்க்கிற தண்ணீரை உங்கள் தலை இந்த மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட்டது. சல்ஃபேட் என்கிற கடும் நுரைச் சாமான் இல்லாத ஷாம்பு கெட்டதல்ல, முடியைக் குறைவாக வறட்டும். ஆனால் தினமும் நனைகிற தலையில் அதன் விலை வீண்.

"கொழும்புத் தண்ணீர் சரியில்லை" என்று ஒரு கதை எல்லாப் பிளாட்டிலும் ஓடும். எங்கள் குழாய்க்கு வருவது அம்பத்தளையில் சுத்திகரித்த களனி ஆற்றுத் தண்ணீர், இல்லாவிட்டால் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கத்துத் தண்ணீர். இந்த ஆற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையானவை, சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். உண்மையான வன்நீர் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் உங்கள் அம்மம்மா வீட்டுக் கிணற்றில் அள்ளிப் பாருங்கள். சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர் அது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் அந்தத் தண்ணீரில் முழுகிவிட்டு வந்தால் கலர் மங்கித்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன் ஊருக்குப் போவதானால் கடைசி அலசலுக்கு ஒரு போத்தல் குடிதண்ணீரை ஒதுக்கி வையுங்கள். போதும்.

கொழும்பில் கவனிக்க வேண்டியது மொட்டைமாடித் தாங்கி. மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் தேத்தண்ணி போடலாம் போலச் சூடாக வரும். சூட்டுத் தண்ணீர் முடியை இன்னும் ஊதவைத்துச் சாயத்தை வேகமாகக் கரைக்கும். அதனால் முழுக்கு விடிய, அல்லது இரவு எட்டு மணிக்குப் பிறகு. குளிர்ந்த தண்ணீர் 'செதிலை மூடும்' என்று சலூனில் சொல்வார்கள், நானும் வருடக்கணக்காகச் சொன்னேன். செதிலைப் படிய வைப்பது குளிரை விட அமிலத்தன்மை. அதுதான் கண்டிஷனரின் வேலை.

சரி, வேர்வைக்கு என்ன செய்வது? கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வந்த தலையோடு படுக்க முடியாது என்பது விளங்குகிறது. மற்ற நாட்களில் தலையைத் தூக்கிக் கட்டி, ஷவர் கெப் போட்டு, மேல் மட்டும் கழுவுங்கள். பிறகு மின்விசிறிக்குக் கீழே தலையை விரித்து, உச்சியை விரலால் பிரித்துப் பத்து நிமிடம் காயவிடுங்கள். வேர்வையில் பெரும்பங்கு தண்ணீரும் உப்பும்தான், அது காய்ந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டிரை ஷாம்பு பாவிப்பதென்றால் இரவே போடுங்கள். காலையில் போட்டு வெளியே இறங்கினால் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் வேர்வையோடு சேர்ந்து களியாகிவிடும். இப்படிக் கிழமைக்கு இரண்டு முழுக்கு, மிஞ்சினால் மூன்று. முதல் இரண்டு கிழமை தலை பிசுக்காக இருக்கும், பிறகு பழகிவிடும்.

இப்போது எண்ணெய்ச் சண்டை. அம்மா சொல்வதும் சரி, சலூன் சொன்னதிலும் கொஞ்சம் சரி. தேங்காய் எண்ணெய் மற்றப் பல எண்ணெய்கள் மாதிரி மேலே மட்டும் நிற்பதில்லை. அதிலுள்ள லோரிக் அமிலம் மயிருக்குள் ஊறிப் போகும். உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் குறைவாக ஏறும், குறைவாக ஊதும், புரதமும் குறைவாகக் கழன்று போகும். மும்பையில் செய்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். பிளீச் செய்த முடியில்கூடப் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பனிக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் என் கண்ணால் பார்த்தது அதோடு ஒத்துப்போகிறது.

சலூன்காரர் பயப்படுவது எண்ணெய்க்கு அல்ல, எண்ணெயை எடுக்க நாங்கள் படுத்தும் பாட்டுக்கு. கை நிறைய அள்ளி உச்சியில் வடிய வடிய வைத்துவிட்டு, அது போகவில்லையே என்று மூன்று தரம் ஷாம்பு போட்டுத் தேய்த்தால் கலர் எங்கே நிற்கும்? காதுக்குக் கீழே மட்டும், காய்ந்த முடியில், இரண்டு தேக்கரண்டி. முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன், நேரம் இருந்தால் முதல் நாள் இரவு. எடுக்கும்போது முதலில் கண்டிஷனர் பூசி ஐந்து நிமிடம் விடுங்கள், அது எண்ணெயைப் பிடித்துக்கொண்டு வரும். அப்புறம் ஷாம்பு, அதுவும் தலைத்தோலில் மட்டும். வழிந்து வருகிற நுரையே நுனிக்குப் போதும். கடைசியில் திரும்பவும் கண்டிஷனர், நுனியில் இருந்து மேலே. அகலப் பல் சீப்பால் சிக்கு எடுப்பது இந்த நேரத்தில்தான், அதுவும் நுனியில் தொடங்கி. நனைந்த முடி றப்பர் மாதிரி இழுபடும். மேலிருந்து ஒரே இழுவையாக இழுத்தால் அறும்.

தோள் தாண்டிய முடியின் நுனிக்கு மூன்று வயதாவது இருக்கும். மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர், கொஞ்சம் கூடத்தான் மயிர் வளர்கிறது. மூன்று வருட வெயிலும் சீப்பும் பார்த்த முடி அது, இப்போது பிளீச்சும் சேர்ந்துவிட்டது. பிளந்த நுனியை ஒட்டுகிற கிறீம் எதுவும் இல்லை. அரை அங்குலம் வெட்டிவிடுங்கள்.

சமையலறைச் சாமான் பற்றியும் கேட்பீர்கள், வேகமாகச் சொல்கிறேன். வெந்தயம் ஊறவைத்து அரைத்த வழுவழுப்பும் செவ்வரத்தம் இலைச் சாறும் நல்லவை, சிக்கு விடும். முட்டை வீண். அதன் புரதம் பெரியது, உள்ளே போகாது. சுடுதண்ணீரில் கழுவினால் தலையில் பொரிந்து நிற்கும், ஒருத்திக்கு நானே நுள்ளி எடுத்திருக்கிறேன். சீயாக்காய்த் தூள் கலர் செய்த முடிக்குச் சொரசொரப்பு, வெளிர்ந்த கற்றைகளை மங்கவும் வைக்கும். தேசிக்காய் வேண்டவே வேண்டாம். அது கடும் அமிலம், நிறத்தை வெளுக்கும். அந்தச் சாறு தோலில் பட்டபடி வெயிலில் போனால் கொப்புளம் போடும். அமிலம் வேண்டுமென்றால் தென்னை வினாகிரி ஒரு மேசைக்கரண்டியை அரை லீற்றர் தண்ணீரில் கலந்து, கிழமைக்கு ஒரு தரம் கடைசி அலசலுக்கு ஊற்றலாம். பிளேன்டீ ஊற்றினால் பிரவுண் நிற்குமா என்று கேட்கிறவர்களும் உண்டு. மெல்லிய கறை பிடிக்கும், அடுத்த முழுக்கில் போகும். தேயிலைக்குக் கெட்ட பெயர் வேண்டாம், குடியுங்கள்.

அந்தச் செம்மஞ்சளுக்கு வருவோம். கொப்பர் கலர் மாறிச் செம்மஞ்சளானது என்று நினைக்கிறீர்கள். இல்லை. கொப்பர் போய்விட்டது, அதற்குக் கீழே இருந்த உங்கள் சொந்த முடிதான் வெளியே தெரிகிறது. எங்கள் கறுப்பை வெளுக்க வெளுக்க முதலில் சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள் என்றுதான் படி இறங்கும். நீங்கள் நடுப்படியில் நிற்கிறீர்கள். கடைக்குப் போனால் எல்லாரும் ஊதா ஷாம்புவை நீட்டுவார்கள். ஊதா வெட்டுவது மஞ்சளை. செம்மஞ்சளை வெட்டுவது நீலம். உங்களுக்கு நீல ஷாம்பு, இரண்டு கிழமைக்கு ஒரு தரம், மூன்று நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், முடியை வறட்டும்.

எனக்கு இன்னும் பிடித்த வழி கலர் கொடுக்கிற கண்டிஷனர். அமோனியாவும் பெரொக்சைட்டும் இல்லாமல் சாயம் மேலே மட்டும் படிகிற வகை. கொப்பர் பிரவுண் ஒன்றை வாங்கி, சாதாரண வெள்ளைக் கண்டிஷனரில் பாதிக்குப் பாதி கலந்து, துவாயால் ஒற்றிய முடியில் பதினைந்து நிமிடம் வையுங்கள். மூன்று கிழமைக்கு ஒரு தரம் போதும். முதலில் காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு கற்றையில் செய்து பார்க்க வேண்டும். பிளீச் செய்த இடம் கடற்பஞ்சு மாதிரி இழுக்கும், மற்ற இடத்தை விட இரண்டு மடங்கு கடுமையாகப் பிடிக்கும். பழைய துவாய் ஒன்றையும் பழைய தலையணை உறை ஒன்றையும் இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மாவிடம் பேச்சு விழும்.

அவசரத்தில் கறுப்பு டை வாங்கி எல்லாவற்றையும் மூடிவிட நினைக்க வேண்டாம். கலரின் மேல் கலர் போட்டு வெளுக்க முடியாது. அந்தக் கறுப்பை எடுக்கப் பிறகு திரும்பவும் பிளீச்தான்.

இப்போது காயவைப்பது. 'தானாகக் காய்ந்தால்தான் நல்லது' என்பது வறண்ட ஊருக்குச் சரி. ஐப்பசி மழையில் வெள்ளவத்தை பிளாட்டில் காயப்போட்ட துணியே இரண்டு நாள் ஊறிக் கிடக்கும்போது, தலை எப்படிக் காயும்? மணிக்கணக்காக ஈரமாக இருக்கிற மயிர் மணிக்கணக்காக ஊதியிருக்கிற மயிர். ஈரத்தோடு பின்னி முடிந்தால் தலைத்தோலில் பொடுகும் மணமும் வேறு. 2011இல் கொரியாவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். டிரையரை 15 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே காயவைத்த முடி, தானாகக் காயவிட்ட முடியை விடக் குறைவாகவே பழுதாகியிருந்தது. மயிரின் செதில்களை ஒட்டி வைத்திருக்கும் உள்ப்படை, நேரம் எடுத்துக் காய்ந்ததில்தான் ஊதிக் கெட்டிருந்தது. ஆகவே துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பழைய பருத்தி ரீ-ஷேர்ட் இன்னும் நல்லது. இருபது நிமிடம் மின்விசிறியில் விட்டு, மிச்சத்தை நடுத்தரச் சூட்டு டிரையரால் ஒரு சாண் தள்ளிக் காயவையுங்கள்.

ஸ்ட்ரெய்ட்னரை முழுக்கத் தடை செய்ய நான் யார்? ஆனால் மூன்று விடயம். பாகை காட்டாத, ஒரே சூட்டில் ஓடுகிற மலிவுச் சாமானை வாங்காதீர்கள், அவை பெரும்பாலும் 200க்கு மேலே போகும். உங்கள் முடிக்கு 180 பாகையைத் தாண்டக் கூடாது, ஹைலைட் கற்றைக்கு 150 போதும். நூறு வீதம் காய்ந்த பிறகுதான் பிடிக்க வேண்டும். 'சீ' என்று சத்தமும் ஆவியும் வந்தால் மயிருக்குள் இருக்கிற தண்ணீர் கொதிக்கிறது என்று அர்த்தம். அந்த ஆவி உள்ளேயே குமிழி குமிழியாக வெடித்து, பிறகு அந்த இடத்தில் முறியும். மூன்றாவது, எண்ணெய் வைத்த முடியில் பிடிக்காதீர்கள். அதற்குப் பெயர் ஸ்டைலிங் இல்லை, பொரியல். சிலிக்கோன் உள்ள ஹீட் ஸ்ப்ரே வேறு, அது சூடு பரவுகிற வேகத்தைக் குறைக்கும்.

லீவ்-இன் கிறீம் வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். முதல் நாலைந்து சாமானுக்குள் கிளிசரின் இருந்தால் எங்கள் ஊருக்கு வேண்டாம். அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து முடிக்குக் கொடுக்கும், முடி ஊதிச் சிலும்பிக்கொண்டு நிற்கும். குளிர்நாட்டு வறண்ட காற்றுக்கு அது மருந்து. கொழும்பில் காற்றே தண்ணீர். இங்கே இரண்டு சொட்டு சிலிக்கோன் சீரம் உள்ளங்கையில் தேய்த்து நுனியில் தடவினால் ஈரம் உள்ளே ஏறாமல் நிற்கும்.

வேலைக்குப் போகிற தலைக்கு என் தெரிவு பின்னல்தான், அதுவும் கலர் செய்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. நேராக விட்ட முடியில் மங்கின கலர் மங்கினபடியே தெரியும். பின்னினால் கறுப்பும் கொப்பரும் மாறி மாறி மேலே வந்து, வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும். மீன்வால் பின்னலில் ஹைலைட் காட்டுகிற வடிவு வேறு எதிலும் இல்லை. உச்சியை நேர்கோட்டில் பிரிக்காமல் வளைத்து வளைத்துப் பிரித்தால், வளர்ந்து வருகிற கறுப்பு வேரும் கண்ணில் குத்தாது. கடற்கரை ரயிலில் போகிற நாளில் கதவுப் பக்கம் நிற்க ஆசைதான், ஆனால் உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்தால் விரித்த முடி என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. வெயில் சாயத்தை நேரடியாகவே உடைக்கும். கோட்டை ஸ்டேசனில் இருந்து நடக்கும்போது குடை பிடியுங்கள், தலைக்கும் சேர்த்துத்தான்.

சுருள் வேண்டுமென்றால் சூடே தேவையில்லை. முழுகின இரவு, முடி முக்கால்வாசிக்கு மேல் காய்ந்த பிறகு, நாலு பின்னலாகத் தளரப் பின்னி, டிரையரின் குளிர்க் காற்றில் முழுக்கக் காயவைத்துவிட்டுப் படுங்கள். காலையில் அவிழ்த்து விரலால் மட்டும் கோதினால் அலை அலையாக விழும். சீப்புப் போட்டால் அலை போய்விடும். மெல்லிய றப்பர் பாண்டை விட்டுவிட்டுத் துணி சுற்றினதைப் பாவியுங்கள். வெளுத்த முடி கட்டுகிற இடத்தில்தான் முதலில் முறியும்.

ரீபொண்டிங்குக்கு வருகிறேன். மயிருக்கு உறுதி தருவது கந்தகப் பிணைப்புகள். ரீபொண்டிங் மருந்து அவற்றை உடைத்து, அயனால் நேராக்கி, பிறகு பெரொக்சைட் மருந்தால் திரும்பக் கோர்க்கும். உங்கள் ஹைலைட் கற்றையில் பிளீச் ஏற்கெனவே அந்தப் பிணைப்புகளில் கொஞ்சத்தை அழித்துவிட்டது. இருக்கிற மிச்சத்தையும் உடைத்தால் திரும்பக் கோர்க்க ஒன்றும் இராது. எனக்கு 24 வயதில், பிளீச் செய்து ஒரு மாதம் ஆகாத என் தலைக்கு ஒரு சலூனில் ரீபொண்டிங் செய்தேன். 'ஒன்றும் ஆகாது' என்றார்கள். கழுவும்போது முன்பக்கக் கற்றை இடியப்பம் மாதிரிக் கையோடு வந்தது. காதளவுக்கு வெட்ட வேண்டி வந்தது, அது வளர்ந்து தோளைத் தொட இரண்டு வருடம். நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள்: நனைந்த ஒரு மயிரை இரண்டு விரலால் மெதுவாக இழுங்கள். நீண்டு திரும்பினால் உயிர் இருக்கிறது. சுவிங்கம் மாதிரி நீண்டு அப்படியே நின்றால் மருந்துப் பக்கமே போகக் கூடாது. முடியைப் படிய வைக்கிற கெரட்டின் ட்ரீட்மென்ட் பாதுகாப்பு என்பார்கள். அவற்றில் சில வகை சூடாகும்போது ஃபோர்மல்டிஹைட் ஆவி விடும், அது புற்றுநோய் தருவது என்று உலகமே ஏற்றுக்கொண்ட சாமான். கண் எரிகிற சலூனில் இருந்து எழும்பி வந்துவிடுங்கள். அதோடு இரண்டு வேலையுமே கலரை இன்னும் இறக்கிவிடும். கல்யாணத் தலையலங்காரத்துக்குக் கம்பி மாதிரி நேரான முடி உதவாது, ஹெயார்பின்னும் நிற்காது, பூவும் நிற்காது.

தைக்கு என்ன திட்டம்? கல்யாணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன் கலர் செய்யுங்கள், முதல் நாள் வேண்டாம். அதுவரை புதிதாக வளர்ந்திருக்கிற வேருக்கு மட்டும் நிரந்தரக் கலர், 6 வீதப் பெரொக்சைட், அதாவது 20 வொலியூம். நுனிக்கு அமோனியா இல்லாத பளபளப்புக் கலர் மட்டும். வேருக்கு வைத்ததையே நுனி வரை இழுத்துவிடுவதுதான் வீட்டில் செய்பவர்கள் விடுகிற பெரிய பிழை. ஹைலைட்டைத் திரும்பச் செய்வதென்றால் சலூனுக்கே போங்கள். கலர் செய்த பிறகு இரண்டு மூன்று நாள் தலை நனைக்காமல் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தரமும், இதுவரை எத்தனை தரம் போட்டிருந்தாலும், 48 மணித்தியாலம் முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசிப் பாருங்கள். கடும் நிறக் கலர்களில் இருக்கும் பி.பி.டி. என்ற சாமானுக்கு ஒவ்வாமை எந்த வயதிலும் வரலாம், ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் நிற்கும். அரிப்பு, சிவப்பு, கண்மடல் வீக்கம் வந்தால் அந்தக் கலர் உங்களுக்கு இல்லை. மூச்சு முட்டினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. மணப்பெண்ணுக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது: கைக்கு வைக்கிற 'கறுப்பு மருதாணி' கோன். உண்மையான மருதாணி செம்மஞ்சளாகத் தொடங்கி ஒரு நாள் இரண்டு நாளில்தான் செம்பழுப்பாகும். வைத்த கையோடு கரிக்கறுப்பாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் அதில் பி.பி.டி. இருக்கிறது. கையில் அப்படி ஒவ்வாமை பிடித்துப் பிறகு தலைக்குக் கலர் போடும்போது முகம் வீங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணக் காலையில் பால் அறுகு என்று பாலும் அறுகம்புல்லும் தலையில் வைப்பார்களே, அதையும் கணக்கில் எடுங்கள். முதல் நாள் மாலையே முழுகிக் காயவைத்துவிட்டு, உச்சியில் தொட்டு வைத்தால் போதும் என்று மாமிமாரிடம் முதலே சொல்லிவையுங்கள். சில வீட்டில் எடுபடும். எடுபடாத வீடென்றால் அலங்காரக்காரியை ஒரு மணித்தியாலம் பிந்தி வரச் சொல்லுங்கள், காய அவ்வளவு வேண்டும். மஞ்சள் பூசுகிற வழக்கம் இருந்தால் ஹைலைட் கற்றையைத் துணியால் கட்டிவிடுங்கள். வெளுத்த முடியில் மஞ்சள் பிடித்தால் அன்றைக்குள் போகாது. கடையில் மல்லிகைச் சரம் தண்ணீர் தெளித்துத்தான் தருவார்கள். சுருட்டின முடியில் அதை அப்படியே வைத்தால் அந்த இடம் சிலும்பிவிடும், கடதாசியில் பரப்பி ஈரம் போனபிறகு வையுங்கள். இரவு பின்களைக் கழற்றியதும் சீப்பை எடுக்க வேண்டாம். ஸ்ப்ரே அடித்துக் குலைத்த முடிக்கு உலர்ந்தபடியே கண்டிஷனர் பூசி, பத்து நிமிடம் கழித்து நுனியில் இருந்து பிரித்தெடுங்கள்.

கடைசியாகச் சவுரி. கடைச் சவுரி கரிக்கறுப்பு, உங்கள் பின்னலோ கொப்பர். படத்தில் நடு முதுகில் கோடு போட்ட மாதிரி நிறம் மாறித் தெரியும். மனித முடிச் சவுரியாக வாங்கினால் உங்கள் முடிக்குக் கலர் செய்கிற அன்றே அதையும் கொடுத்து நிறம் பார்த்துச் செய்விக்கலாம். ஏற்கெனவே கறுப்புச் சாயம் போட்ட சவுரியில் பிரவுண் ஏறாது, அதனால் சாயம் போடாததா என்று கேட்டு வாங்குங்கள். செயற்கைச் சவுரி எந்தக் கலரையும் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். மனித முடி பொசுங்கிக் கையில் பொடியாகும், செயற்கை உருகி உருண்டையாகும். மத்தியானத்தில் போய், கடைக்கு வெளியே வெளிச்சத்தில் உங்கள் பின்னலோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடை டியூப் லைட்டில் எல்லாம் ஒரே நிறம்.